தோலில் எழுதிய பெயர்கள்

(பரிஸ் லாச்சப்பல், ரூ பெர்தொனேயில் ஒரு ஞாயிறு மாலை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கீழே கடைகளில் இன்னும் சனம் நிற்கிறது. முருங்கைக்காயும் ஒடியல் மாவும் வாங்க வந்த இடத்தில் சத்தம் கேட்டுப் படியேறி வந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். பைகளைக் காலடியில் வைத்துவிட்டு இருங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்து வைக்கமாட்டேன்.

அழைப்பிதழில் "இடைக்கால ஐரோப்பாவில் சமூகம், சமயம், மோதல்" என்று போட்டிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டும் ஒரு கண்டமும் அந்த ஐந்து சொல்லுக்குள் கிடக்கின்றன. அதை ஒரு மணித்தியாலத்தில் பேசி முடிப்பேன் என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். நான் இந்தக் கட்டடத்து வாசலில் இருந்து நடந்தே போகக்கூடிய இடங்களைத்தான் பெரும்பாலும் பேசப் போகிறேன். நாங்கள் மரக்கறி வாங்கும் தெருக்கள்தான் அவை.

முதலில் இந்தத் தெருவின் பெயர். வாசல் மூலையில் நீலத் தகட்டில் இருக்கிறது. எத்தனை பேர் நின்று வாசித்தோம்? ஒகுஸ்த் பெர்தொனே 1801இல் பிறந்து 1867இல் இறந்த புகையிரதப் பொறியியலாளர். புகையிரதப் பாதை அமைப்பதைப் பற்றிப் பெரிய பாடநூல் எழுதியவர். எனக்கு அவரைப் பிடித்தது வேறு காரணத்துக்காக. தொழிலாளருக்கு வேலை முடிந்த பிறகு மாலையில் இலவசமாகப் பாடம் நடத்திய ஒரு சங்கத்துக்கு அவர் தலைவராக இருந்தார். கோப்பை கழுவிவிட்டு வந்து மாலையில் சரித்திரம் கேட்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தெரு பரிசில் கிடையாது. நானும் கோப்பை கழுவியவன்தான், சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

இந்தத் தெரு சின்னது. மேற்கு முனையில் இறங்கினால் ஃபோபூர் சென் தெனி. புடவைக்கடை, நகைக்கடை, கொத்துரொட்டிக் கடை என்று எங்களுக்குத் தெரிந்த அந்த வீதிதான் இடைக்காலத்தில் பிரெஞ்சு அரசர்களின் பெருவீதி. தெற்கே பரிஸ் நகரம். வடக்கே சென் தெனி மடாலயம். முடிசூடிய அரசன் உயிரோடு வந்த வழியும், பிணமாகப் புதைக்கப் போன வழியும் இதுதான்.

தெனியின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மூன்றாம் நூற்றாண்டில் பரிசின் முதல் ஆயர். மோன்மார்த்தர் குன்றில் வைத்து அவரது தலையை வெட்டினார்களாம். அவர் அந்தத் தலையைக் கையில் ஏந்தியபடி வடக்கே நடந்துபோய் விழுந்தாராம். விழுந்த இடத்தில் கோயில் எழுந்தது. தன் தலையைத் தானே அரிந்து பலிகொடுக்கும் நவகண்ட வீரர்களைக் கல்லில் செதுக்கி வைத்த நமக்கு இது புதிய கதையல்ல.

அந்தத் தலை பிறகு வழக்கானது. முழுத் தலையும் எங்களிடம் இருக்கிறது என்றார்கள் மடாலயத்தார். உச்சி ஓடு எங்களிடம் இருக்கிறது என்றார்கள் நோத்ர் தாம் பேராலயத்தார். 1410இல் வழக்கு பரிஸ் உயர்மன்றத்துக்குப் போனது. திருப்பண்டம் இருக்கும் இடத்துக்குத்தான் யாத்திரிகர் வருவார்கள். யாத்திரிகர் வரும் இடத்தில்தான் உண்டியல் நிறையும். நீங்கள் சிரிக்கலாம். ஆனால் முதல் மரியாதை யாருக்கு, வடத்தில் கை வைக்க எவருக்கு உரிமை என்று எங்கள் ஊர்க் கோயில்கள் கோட்டுக்குப் போன கதைகளையும், 1968இல் மாவிட்டபுரத்தில் கோயில் வாசலில் எந்தச் சாதியாரை மறித்தோம் என்பதையும் ஒருமுறை நினைத்துவிட்டுச் சிரியுங்கள்.

சரி, வீதிக்கு வருவோம். லா சப்பல் என்றால் "சிற்றாலயம்" என்றுதான் பொருள். புனித ஜெனவியேவ் ஐந்தாம் நூற்றாண்டில் தெனியின் கல்லறைக்குப் போகும் வழியில் இங்கே தங்கிச் செபித்ததாக ஐதீகம். அந்தச் சிற்றாலயத்தைச் சுற்றி ஒரு கிராமம் வளர்ந்தது. நாங்கள் லாச்சப்பல் என்று ஒரே மூச்சில் சொல்லும் இடம் அதுதான். அந்தக் கிராமத்துக்கும் சென் தெனிக்கும் நடுவே விரிந்த வெளியில் ஆண்டுதோறும் யூன் மாதம் லாந்திச் சந்தை கூடியது. துணி, கம்பளி, கால்நடை, தோல் எல்லாம் வந்தன. என் கண் நிற்பது அதில் ஒரே ஒரு சரக்கின் மேல். எழுதுவதற்காகப் பதப்படுத்திய ஆட்டுத்தோல்.

கடதாசி இன்னும் பரவாத காலம். பனையோலை இந்தக் குளிரில் முளைக்காது. ஆகவே ஆட்டுத்தோலையும் கன்றுத்தோலையும் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரைச் சுரண்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்து அதில் எழுதினார்கள். பெரிய புத்தகம் ஒன்றுக்கு ஒரு மந்தையே வேண்டும். பரிஸ் பல்கலைக்கழகத்தின் தலைவர் ஆசிரியர்களும் மாணவர்களும் புடைசூழ ஊர்வலமாக இந்தப் பக்கம் வந்து, சந்தையில் நல்ல தோல்களை முதலில் தேர்ந்து எடுப்பார். அவர் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் வாங்கலாம். மாணவர்கள் திரும்பும்போது குடித்துவிட்டு அடிபட்டுக்கொண்டதும் உண்டு; அது எல்லா நூற்றாண்டிலும் உள்ள சங்கதி.

அந்தத் தோல்களில் இறையியல் எழுதினார்கள், மருத்துவம் எழுதினார்கள், கணக்கு எழுதினார்கள். பெயர்ப் பட்டியலும் எழுதினார்கள். இன்றைக்கு நான் பேச வந்தது அந்தக் கடைசி விடயத்தைத்தான்.

ஃபோபூர் சென் தெனி வீதியில் தெற்காகக் கால்மணி நேரம் நடந்தால் மெடியாதெக் பிரான்சுவாஸ் சகான் என்று ஒரு நூலகம் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் போயிருப்பார்கள். அந்த வளவில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சென் லசார் தொழுநோயாளர் இல்லம் இருந்தது. நகருக்கு வெளியே, பெருவீதி ஓரமாக. ஒதுக்கி வைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் எப்படி ஒதுக்கினார்கள் என்று பாருங்கள். அந்த இல்லத்துக்குச் சொந்தமாக ஒரு சந்தை இருந்தது. அரசனே கொடுத்த உரிமை. 1181இல் பிலிப் ஒகுஸ்த் என்ற அரசன் அந்தச் சந்தையை அவர்களிடமிருந்து விலைக்கு வாங்கி நகருக்குள் மாற்றினான். அங்கிருந்துதான் லே ஆல் என்ற பெருஞ்சந்தை பிறந்தது. அரசன் இறந்தால் சவ ஊர்வலம் சென் தெனிக்குப் போகும் வழியில் இந்தத் தொழுநோயாளர் வாசலில் நின்று போகும். ஊர் தொடப் பயந்தவர்களின் வாசலில் அரசனின் பெட்டி இறக்கி வைக்கப்பட்டது. அருவருப்பும் மரியாதையும் ஒரே படியில் இருந்த சமூகம் அது.

இப்போது 1321க்கு வாருங்கள். வசந்த காலத்தில் பிரான்சின் தென்மேற்கில் ஒரு வதந்தி கிளம்புகிறது: தொழுநோயாளர்கள் கிணறுகளில் நஞ்சு போடுகிறார்கள். சித்திரவதை செய்து கேட்டால் யார்தான் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்? ஒப்புக்கொண்டார்கள். யூதர்கள் காசு கொடுத்து ஏவினார்கள் என்ற கிளைக்கதை முளைத்தது. யூன் மாதம் ஐந்தாம் பிலிப்பின் ஆணை வந்தது. பிடித்தார்கள், எரித்தார்கள், மிஞ்சியவர்களைப் பூட்டி வைத்தார்கள். எரித்த கையோடு இன்னொரு தகராறும் வந்தது: இறந்தவர்களின் இல்லங்களுக்கும் நிலங்களுக்கும் உரித்தாளி யார், அரசனா அந்தந்த ஊர்ப் பிரபுவா ஆயரா?

சந்தை கொடுத்த அரச குலம் 140 ஆண்டில் நெருப்பு வைத்தது. நடுவில் என்ன மாறியது? "இருண்ட காலம், மூட சனம்" என்பது சுலபமான பதில். எனக்கு அந்தப் பதிலில் நம்பிக்கை இல்லை. ஏனென்றால் அந்த 140 ஆண்டும் ஐரோப்பாவில் வெளிச்சம் கூடிய காலம். பல்கலைக்கழகம் வந்தது, நோத்ர் தாம் எழுந்தது, சட்டம் படித்தவர்கள் அரண்மனைக்கு வேலைக்கு வந்தார்கள். ஆர். ஐ. மூர் என்ற பிரித்தானிய வரலாற்றாசிரியர் 1987இல் ஒரு நூல் எழுதினார். திருச்சபைக் கொள்கையை மறுத்த பதிதர், யூதர், தொழுநோயாளர் மீதான வதை அடிமட்டத்துச் சனத்தின் வெறியில் பிறக்கவில்லை, புதிதாக எழுதப் படித்து அதிகாரத்துக்கு வந்த கூட்டம் தன் ஆட்சியை நிறுவிக்கொள்ள அதை வளர்த்தது என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் பாதியை நான் ஏற்கிறேன். மற்றப் பாதிக்குப் பிறகு வருகிறேன்.

ஏற்கும் பாதிக்குச் சாட்சி இந்த நகரத்திலேயே இருக்கிறது. பிலிப் ஒகுஸ்த் 1182இல் யூதர்களைத் தன் நிலத்தில் இருந்து வெளியேற்றினான். அப்போது அவனுக்குப் பதினாறு வயது. அவர்கள் வீடுகள் பறிபோயின. தொழுகைக்கூடங்கள் தேவாலயங்கள் ஆயின. யூதரிடம் கடன்பட்டிருந்தவர்களுக்குக் கடன் தள்ளுபடி. ஆனால் ஐந்தில் ஒரு பங்கை அரசனுக்குக் கட்ட வேண்டும். இதைப் பக்திச் செயலாகப் போற்றி எழுதியவர் ரிகோர் என்ற துறவி, சென் தெனி மடாலயத்தைச் சேர்ந்தவர். பதினாறு ஆண்டு கழித்து 1198இல் அதே அரசன் அதே யூதர்களைத் திரும்ப அழைத்தான். பக்தி குறைந்துவிட்டதா? பெட்டி காலியாகிவிட்டது.

1242இல் நகர மன்றம் இப்போது இருக்கும் கிறேவ் சதுக்கத்தில் தல்மூத் என்ற யூத சமய ஏடுகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து எரித்தார்கள். இருபத்துநாலு வண்டி என்பது மரபான கணக்கு. எரித்தது நாட்டுப்புறக் கும்பல் அல்ல. முந்தைய இரண்டாண்டுகளில் முறைப்படி விசாரணை நடந்தது, அன்றைய அரசனின் தாய் தலைமை தாங்கினார், அறிஞர்கள் வாதாடினார்கள், பிறகுதான் தீ. தோல் எரிந்தால் என்ன மணம் வரும் என்று எனக்குத் தெரியாது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தின் 97,000 நூல்கள் எரிந்த புகையைப் பார்த்தவர்கள் இந்த அறையில் இருக்கிறீர்கள்.

இனிப் பட்டியல். 1292இல் அழகன் என்று பட்டம் பெற்ற நான்காம் பிலிப்பின் ஆட்சியில் பரிஸ் நகரத்துக்கு ஒரு வரிப் பட்டியல் எழுதினார்கள். தெருத் தெருவாக, வீடு வீடாக, ஏறத்தாழ 15,000 பெயர்கள். அது அருமையான ஆவணம். ரொட்டி சுடுபவர், மெழுகுதிரி ஊற்றுபவர், விதவை, பிற ஊரான் என்று ஒவ்வொருவரும் அவரவர் தெருவோடும், பலர் தம் தொழிலோடும் அதில் நிற்கிறார்கள். அதை வாசித்தால் பழைய பரிஸ் உயிரோடு எழுந்து நடக்கும். அதில் யூதர்களை மட்டும் தனித் தலைப்பில் எழுதினார்கள். எழுதிய எழுத்தருக்கு யார்மேலும் பகை இருந்திருக்காது. வரி வசூலுக்கு வசதியாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

பதினாலு வருடம் கழிந்தது. 1306 யூலை 22. இரகசியமாக முன்கூட்டியே அனுப்பிய ஆணைப்படி, நாடெங்கும் ஒரே நாளில் யூதர்களைப் பிடித்தார்கள். சொத்தெல்லாம் அரசனுக்கு. உடுத்த துணியோடும் கைச்செலவுக்குச் சில காசோடும் நாட்டைவிட்டுப் போகச் சொன்னார்கள். பரிசில் கடன்பட்டிருந்த ஏழைகள் சிலர் மகிழ்ந்திருப்பார்கள், கடன் தொலைந்தது என்று. தொலையவில்லை. கடன் பத்திரங்களை அரசனின் ஆட்கள் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். 1315இல் அடுத்த அரசன் பன்னிரண்டு ஆண்டு தவணையில் யூதர்களைத் திரும்ப அழைத்தபோது ஒரு நிபந்தனை போட்டான்: பழைய கடனை நீங்கள் வசூலிக்கலாம், மூன்றில் இரண்டு பங்கு எனக்கு.

வெளியேற்றிய அதே 1306இன் முடிவில் பரிசில் கலகம் வெடித்தது. அரசன் நாணயத்தை மாற்றினான், வீட்டு வாடகை மும்மடங்கு கனத்தது, சனம் கிளர்ந்தது. அழகன் பிலிப் ஓடி ஒளிந்த இடம் தெம்ப்பிளர் வீரத்துறவிகளின் கோட்டை. இன்றைய ரெப்புப்ளிக் சதுக்கத்துக்குப் பக்கம். அவர்கள் கதவைத் திறந்து காப்பாற்றினார்கள். பத்து மாதம் கழியவில்லை, 1307 ஒக்டோபர் 13, வெள்ளிக்கிழமை விடியற்காலை, ஒரு மாதம் முன்பே முத்திரையிட்டு அனுப்பிய கடிதங்களின்படி நாடெங்கும் அந்தத் துறவிகளை ஒரே நேரத்தில் பிடித்தார்கள். குற்றச்சாட்டு, பதிதம். 1306 யூலையில் கற்ற வேலையை 1307 ஒக்டோபரில் செய்து பார்த்தார்கள். 1310 மே மாதத்தில் ஒரே நாளில் 54 பேரை நகர மதிலுக்கு வெளியே எரித்தார்கள். அரசனின் பெட்டிச் சாவி வைத்திருந்த அமைச்சர் ஆங்கெரான் த மரினியை அரசன் இறந்த மறு ஆண்டு, 1315இல், மோன்ஃபோகோன் தூக்குமேடையில் தொங்கவிட்டார்கள். பதினாறு கற்றூண்கள் நின்ற அந்த மேடை கொலொனெல் ஃபபியான் சதுக்கத்துக்குக் கிட்ட. இங்கிருந்து நடந்து போகலாம். இப்போது அங்கே குடியிருப்புக் கட்டடங்கள்.

இதெல்லாம் சமயமா? கேட்பவர்கள் உண்டு. சமயம் இல்லாமல் இது நடந்திருக்காது. சமயத்தால் மட்டும் இது நடக்கவில்லை. குற்றத்துக்குப் பெயர் சமயம் கொடுத்தது. நாள் குறித்தது அரண்மனை. பணத்தை எண்ணியது கணக்கறை. சமயத்துக்குள்ளேயே எதிர்க்குரலும் இருந்தது. 1348இல் கொள்ளைநோய் வந்தபோது யூதர்கள்தான் நஞ்சிட்டார்கள் என்று ஐரோப்பா முழுக்கக் கூச்சல். ஆறாம் கிளெமெந்து பாப்பரசர் ஆணை ஓலை எழுதினார்: யூதர்களும் அதே நோயில் சாகிறார்கள், அவர்கள் இல்லாத நாட்டிலும் சாவு இருக்கிறது, ஆகவே இது பொய். பாப்பரசர் சொல்லியும் கேட்டார்களா? 1349 பெப்ரவரி 14இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் யூதர்களை எரித்தார்கள். நோய் அந்த ஊருக்கு இன்னும் வந்தே சேரவில்லை. அவர்கள் கொடுத்திருந்த கடனெல்லாம் ரத்து.

1348இல் அரசன் கேட்டதற்கு இணங்கப் பரிஸ் மருத்துவ பீடம் நோய்க்குக் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தது. 1345 மார்ச் 20இல் சனி, வியாழன், செவ்வாய் மூன்றும் கும்ப ராசியில் கூடியதாம். அதனால் காற்று கெட்டதாம். சனிப்பெயர்ச்சிக்கு அருச்சனைச் சீட்டு வாங்க வரிசையில் நிற்கும் நாங்கள் அந்தப் பேராசிரியர்களைக் கேலி செய்ய முடியாது. குறைந்தபட்சம் அவர்கள் கிரகங்களைத்தான் குற்றம் சாட்டினார்கள், அயலவனைச் சாட்டவில்லை.

மூரின் வாதத்தில் ஏற்காத பாதிக்கு வருகிறேன். அரசனும் எழுத்தரும்தான் எல்லாவற்றையும் செய்தார்கள் என்றால் சாதாரண சனத்துக்குக் கை கழுவ வசதியாகிவிடும். 1096இல் முதல் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கூட்டங்கள் ரைன் நதிக்கரையில் வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் யூதர்களைக் கொன்றபோது எந்த அரசனும் பட்டியல் கொடுக்கவில்லை. ஸ்பேயர் நகர ஆயர் எதிர்த்து நின்று பெரும்பாலோரைக் காப்பாற்றினார். கும்பலுக்குக் கடதாசி தேவைப்படாத நேரமும் உண்டு.

அதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது. அதைச் சொல்லத்தான் நான் இன்று வந்தேன்.

தெற்குப் பிரான்சில் பெசியே என்ற ஊர். 1209. கத்தார் என்று அழைக்கப்பட்ட பதிதர்களை ஒழிக்கப் பாப்பரசரின் பெயரில் ஒரு சிலுவைப் படை வடக்கேயிருந்து வருகிறது. ஊரில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்களுடைய ஆயர் ரெனோ த மோன்பெரூ படைக்கு முன்னால் குதிரையில் ஊருக்குள் வந்து, கையில் வைத்திருந்த பட்டியலை எடுத்தார். ஏறத்தாழ 220 பெயர்கள். நெசவாளர், கொல்லர், சப்பாத்துத் தைப்பவர், வைத்தியர். இவர்களை ஒப்படையுங்கள், அல்லது இவர்களை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் வெளியே வாருங்கள், உங்களுக்கு ஒரு கெடுதியும் வராது என்றார். ஊர் மறுத்தது. ஒரு சிலர் மட்டும் ஆயரோடு வெளியேறினார்கள். யூலை 22, மரிய மதலேனாள் திருநாள் அன்று படை புகுந்தது. பட்டியலில் இருந்தவர், இல்லாதவர், கத்தோலிக்கர், பதிதர், தேவாலயத்துக்குள் ஒளிந்தவர், எல்லோரையும் கொன்று ஊரை எரித்தார்கள்.

ஏன் மறுத்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் பல காரணம் சொல்கிறார்கள். ஊரின் சுயாட்சி உரிமை, மதில் தாங்கும் என்ற நம்பிக்கை, ஆயர்மேல் வெறுப்பு. எல்லாம் சரியாக இருக்கலாம். எனக்குப் படுவது இதுதான்: அந்தப் பட்டியலில் இருந்த ஒவ்வொரு பெயரும் அவர்களுக்குத் தெரிந்த பெயர். இவனிடம் சப்பாத்து வாங்கினேன், இவர் என் பிள்ளைக்கு மருந்து கொடுத்தார். வெளியூரான் வாசித்தால் அது பதிதர் பட்டியல். ஊரான் வாசித்தால் தெருவில் எதிர்ப்படும் ஆட்கள்.

யூலை மாதத்தின் மேல் எனக்கு மூடநம்பிக்கை கிடையாது. ஆனால் நாட்காட்டியைப் பார்க்கும்போது கை ஒரு கணம் நிற்கும். 1209 யூலை 22. 1306 யூலை 22. 1940இல் பரிஸ் பொலிஸ் தலைமையகம் யூதர்களைப் பதிவுசெய்யச் சொல்லி, பெயர், தெரு, தொழில், நாடு என்று அட்டை அட்டையாகப் பிரித்து அடுக்கியது. 1942 யூலை 16, 17 இரு நாளில் பிரெஞ்சுப் பொலிசார் அந்த அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டினார்கள். 13,152 பேரைப் பிடித்தார்கள். நாங்கள் குடியிருக்கும் இதே பத்தாம், பதினெட்டாம் வட்டாரங்களிலும் தட்டினார்கள். பள்ளிக்கூட வாசல்களில் கறுப்புப் பலகை பதித்திருக்கிறது. பிள்ளையை விடப் போகும்போது வாசித்துப் பாருங்கள். பிறகு 1983 யூலை. கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடு எது என்று பார்த்துப் பார்த்து எரித்தார்கள். வாக்குப்போட எழுதிய பட்டியல். அந்த யூலையால்தான் நாங்கள் இந்தத் தெருவில் நிற்கிறோம். கதவை அடைத்து எங்களை உள்ளே ஒளித்த சிங்கள அயலவர்களும் அன்று இருந்தார்கள். அவர்கள் பெசியே ஊரார்.

பட்டியல் என்றால் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஒஃப்ரா என்ற அகதிகள் அலுவலகத்தில் எங்கள் பெயரை எழுதியதால்தான் எங்களுக்கு இந்த நாட்டில் உயிர். காட் வந்ததா என்று தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்த ஆட்கள் நாங்கள். என்னுடைய அட்டையில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. முப்பது வருடமாக ஆஸ்பத்திரியில் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள். கோயில் உபயகாரர் பட்டியலில் பெயர் விடுபட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவு தூரம் நீங்கள் தலையாட்டிக்கொண்டு வந்தீர்கள். இனிச் சிலர் ஆட்டமாட்டீர்கள்.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணம் சோனகத் தெரு. ஒலிபெருக்கியில் அறிவித்து முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். நகை, பணம், பத்திரம் எல்லாம் சோதனையில் பறிபோயின. கைச்செலவுக்குச் சிறு தொகையும் உடுத்த துணியும் மட்டும். அந்த ஒக்டோபரில் வடமாகாணம் முழுவதிலும் இருந்து ஏறத்தாழ 75,000 பேர் இப்படிப் போனார்கள். அவர்கள் பேசியது தமிழ். 2002இல் புலிகள் வருத்தம் தெரிவித்தார்கள். அதற்குள் புத்தளம் முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது.

1306இன் விபரங்களை நான் சற்று முன் சொன்னபோது உங்களில் எத்தனை பேருக்கு 1990 நினைவு வந்தது? எனக்கு முதல்முறை வாசித்தபோது வரவில்லை. 1983தான் வந்தது. பல வருடம் கழித்துத்தான் மற்றது வந்தது. வரலாற்றை வாசிக்கும்போது எப்போதும் எரிக்கப்பட்டவன் பக்கத்தில் போய் இருந்துகொள்வது மனித சுபாவம். மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. நடந்ததா இல்லையா என்று அறிஞர்கள் வாதாடட்டும். அதை நாங்கள் வெற்றிக் கதையாகத்தான் இத்தனை காலம் கேட்டுவந்தோம். ரிகோர் துறவியிடம் இருந்து நாங்கள் அவ்வளவு தள்ளி இல்லை.

சோனகத் தெருவுக்கு அடுத்த தெருக்களில் அன்று இருந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். துவக்கு முன்னால் எதிர்த்து நின்றிருக்க முடியுமா என்று நான் கேட்கவில்லை, நான் நின்றிருக்கமாட்டேன். ஒருவருக்கொருவர் கண்ணீரோடு விடை கொடுத்ததையும், சாவியை நம்பி ஒப்படைத்துவிட்டுப் போனதையும் சிலர் என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கிறீர்கள். தனியாகத்தான் சொன்னீர்கள்.

சோனகத் தெருவாரை ஊரைவிட்டு அனுப்பியவர்கள் தலையைத்தான் எண்ணினார்கள். பெயர் உங்களுக்குத்தான் தெரியும். யார் தையற்கடை வைத்திருந்தார், எவருடைய கடையில் பழைய இரும்பு விற்றீர்கள், பள்ளியில் பக்கத்து வாங்கில் யார் இருந்தார், நோன்புக் கஞ்சி எந்த வீட்டில் இருந்து வரும்.

வாசல் மேசையில் ஒரு கொப்பியும் இரண்டு பேனையும் வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் மூன்று பெயர் இருக்கிறது. போகும்போது தெரிந்ததை எழுதிவிட்டுப் போங்கள். பெயர், தெரு, தொழில், நினைவிருந்தால் வீட்டு வாசலில் நின்ற மரம். அவர்களில் யாரும் இன்று புத்தளத்திலோ கொழும்பிலோ இருப்பது தெரிந்தால் தொலைபேசி இலக்கத்தைக் கொப்பியில் போட வேண்டாம். நீங்களே எடுத்துக் கதையுங்கள்.